பழைய காருக்கு 18 சதவீதம்! சுமப்பது யார்?

சென்ற மாதம் ஒரு சகோதரர் கையில் ஒரு பில்லுடன் நம்மிடம் வந்தார். ரெடிமேடு துணிகளை மொத்தமாக வாங்கி, ஊர் ஊராகச் சென்று கடைகளுக்குக் கொடுத்து வருபவர். ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கிறார். மூட்டைகளோடு பஸ்ஸில் அலைந்து அலுத்துப் போய், ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். பில்லில் காரின் விலை 4,50,000 ரூபாய். அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று 81,000 ரூபாய். ஆக மொத்தம் 5,31,000 ரூபாய்.

"வரி கட்டாயம் என்றார்கள். கடன் வாங்கிக் கட்டினேன். உங்களுக்குத்தான் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதே, கடைக் கணக்கில் இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இப்போது ஆடிட்டர் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது என்கிறார். இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

இந்தச் சகோதரரிடம் ஒரே பில்லில் இரண்டு பொய்கள் சொல்லப்பட்டுள்ளன. முழு விலைக்கும் வரி என்பது முதல் பொய். கட்டிய வரி திரும்பி வரும் என்பது இரண்டாவது பொய். இந்த இரண்டையும் நம்பி ஏமாந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல.

விற்றவரைத் திட்டுவதோடு நாம் நின்று விடப் போவதில்லை. அவர் ஏமாற்றுவதற்கு வசதியாகச் சட்டத்தை எழுதி வைத்தவர்கள் யார்? அந்தச் சட்டத்தை மக்களுக்கு விளங்கும்படி சொல்லாமல் விட்டவர்கள் யார்? அவர்களிடமும் கேள்வி கேட்க வேண்டியுள்ளது.

முதலில் உண்மை என்ன?

பழைய விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி எல்லாம் போய் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. பழைய வாகனங்களுக்கென்று தனி அறிவிப்பு 2018 ஜனவரி 25 அன்று வெளியானது. அதன்படி பெரிய கார்களுக்கு 18 சதவீதம். சிறிய கார்கள் உள்ளிட்ட மற்றவற்றுக்கு 12 சதவீதம். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் கூடிய 55வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில், மின்சார வண்டிகள் உட்பட எல்லாப் பழைய வாகனங்களுக்கும் 18 சதவீதம் என்று பரிந்துரைக்கப்பட்டது. 2025 ஜனவரி 16 அறிவிப்பின் மூலம் அது சட்டமானது.

இந்த 18 சதவீதம் எதன் மீது? காரின் விலை மீது அல்ல. பதிவு பெற்ற வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டுமே. அந்த வண்டிக்காக அவர் ஏற்கனவே இன்புட் கிரெடிட் எடுத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நமது சகோதரர் வாங்கிய கார் ஒரு தனி நபருடையது. அந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, 4,00,000 ரூபாய்க்கு விற்றதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரி கட்டி பில் போட்டு விற்கவில்லை. எனவே வியாபாரி கிரெடிட் எடுத்திருக்க வழியே இல்லை. வித்தியாசம் 50,000 ரூபாய். அதில் 18 சதவீதம் 9,000 ரூபாய். வாங்கியதோ 81,000 ரூபாய்! கூடுதலாகப் பறிக்கப்பட்டது 72,000 ரூபாய்.

வரி என்ற பெயரில் எவ்வளவு வாங்கினாலும் அதை அரசிடம் செலுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 72,000 ரூபாய் கஜானாவுக்குப் போனதா, கல்லாப் பெட்டிக்குப் போனதா என்பதை அந்த வியாபாரிதான் சொல்ல வேண்டும்.

யாரிடம் வாங்கினால் என்ன வரி?

ஒரு வியாபாரி தன் தொழிலுக்குப் பழைய கார் வாங்கும்போது, யாரிடம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது. ஒரே கார்தான். ஆனால் ஐந்து வாசல்கள், ஐந்து கணக்குகள்.

ஒன்று: தன் சொந்தக் காரை விற்கும் தனி நபரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. வாங்குபவர் பதிவு பெற்றவர் என்பதற்காக அவர் தலையிலும் வரி விழாது. இடையில் பதிவு பெற்ற புரோக்கர் இருந்தால், அவருடைய கமிஷனுக்கு மட்டும் வரி உண்டு.

இரண்டு: பதிவு பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால், மேலே சொன்னபடி வித்தியாசத்துக்கு 18 சதவீதம்.

மூன்று: பதிவு பெற்ற வேறொரு நிறுவனம் தான் பயன்படுத்திய காரை விற்றால், வருமான வரியில் தேய்மானம் கழித்தது போக எஞ்சியுள்ள மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18 சதவீதம். வித்தியாசம் இல்லாவிட்டால் வரி இல்லை. அந்த நிறுவனம் காரை வாங்கியபோது கிரெடிட் எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

நான்கு: கடன் கட்டாததால் பறிமுதல் செய்யப்பட்ட காரை வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ வாங்கினால் அதற்கு ஒரு தனிக் கணக்கு. இந்தக் கணக்கில்தான் மிகப் பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஐந்து: அரசோ உள்ளாட்சி அமைப்போ ஏலத்தில் விடும் பழைய வாகனத்தைப் பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால், வரியை விற்பவர் அல்ல, வாங்குபவரே நேரடியாகக் கட்ட வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து இதுதான் நிலை. ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வந்தவுடன் விழிக்கக் கூடாது.

இதில் எந்த வாசல் வழியாக வந்தாலும் ஒரு விஷயம் பொதுவானது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்குக் கட்டிய வரியை, சாதாரண வியாபாரி இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. வாகனங்களை வாங்கி விற்பவர், கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்பவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் ஆகிய மூவருக்கு மட்டுமே இதில் விலக்கு. சரக்கு வண்டிக்கு இந்தத் தடை இல்லை. காருக்கு உண்டு. அந்தக் காரின் இன்சூரன்ஸ், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் கட்டிய வரிக்கும் இதே தடைதான்.

மூட்டையைக் காரில் ஏற்றிச் சென்று பிழைக்கும் சிறு வியாபாரிக்கு அந்தக் கார்தான் லாரி. சட்டத்தின் கண்ணில் அது சொகுசு வண்டி!

வதந்தி பரப்பியவர்கள்

2024 டிசம்பரில் இந்த முடிவு வந்தவுடன் கைபேசிகளில் என்னென்ன செய்திகள் பறந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். "உங்கள் காரை நஷ்டத்துக்கு விற்றாலும் அந்த நஷ்டத்துக்கு 18 சதவீதம் வரி கட்ட வேண்டும்" என்று பரப்பினார்கள். செய்தியாளர்களிடம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்ன ஓர் உதாரணம் குழப்பத்தை மேலும் கூட்டியது. பிறகு அரசு விளக்கம் வெளியிட்டது. பதிவு பெறாத தனி நபருக்கு வரி இல்லை. வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வரி இல்லை என்று அதில் தெளிவாக்கப்பட்டது.

ஆனால் வதந்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை. இதன் விளைவு என்ன? "எல்லாக் காருக்கும் 18 சதவீதம்" என்ற அரைகுறைச் செய்தி மக்கள் மனதில் பதிந்து விட்டது. அந்தப் பதிவைத்தான் நமது சகோதரருக்கு 81,000 ரூபாய் பில் போட்டவர் காசாக்கினார்.

அரசை எதிர்க்கிறோம் என்ற பெயரில் பொய்யைப் பரப்பினால் அது அரசுக்கு வலிப்பதில்லை. ஏழைக்குத்தான் வலிக்கிறது. உண்மையிலேயே எதிர்க்க வேண்டிய அநீதிகள் இந்தச் சட்டத்தில் ஏராளமாக இருக்கும்போது பொய் எதற்கு?

அவர்களின் வாதங்களும் நமது பதிலும்

இந்த வரியை நியாயப்படுத்துவோர் மூன்று வாதங்களை எடுத்து வைக்கின்றனர். அவை சரிதானா என்று பார்ப்போம்.

"லாபத்துக்கு மட்டும்தானே வரி போடுகிறோம்" என்பது முதல் வாதம்.

இது உண்மையல்ல. வரி லாபத்தின் மீது அல்ல. விலை வித்தியாசத்தின் மீது. இரண்டும் ஒன்றல்ல.

பழைய காரை வாங்கியவர் அப்படியே விற்க முடியுமா? டிங்கரிங் பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்க வேண்டும். நான்கு டயர் மாற்ற வேண்டும். 4,00,000 ரூபாய்க்கு வாங்கிய காருக்கு 40,000 ரூபாய் செலவு செய்து 4,50,000 ரூபாய்க்கு விற்கிறார். அவர் கையில் நிற்பது 10,000 ரூபாய். ஆனால் அறிவிப்பு கழிக்கச் சொல்வது வாங்கிய விலையை மட்டுமே. எனவே 50,000 ரூபாய்க்கு வரி 9,000 ரூபாய். அதை வாங்குபவரிடம் தனியாகக் கேட்க முடியாமல் தன் கையிலிருந்து கட்டினால் அவருக்கு மிஞ்சுவது 1,000 ரூபாய்! தெருவோர மெக்கானிக்கிடம் ஜி.எஸ்.டி. பில் ஏது? அந்தச் செலவைக் கழிக்கவும் வழியில்லை, கிரெடிட் எடுக்கவும் வழியில்லை. இதற்குப் பெயர் லாபத்துக்கு வரியா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு கார்களை விற்கிறார். ஒன்றில் 50,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. இன்னொன்றில் 50,000 ரூபாய் நஷ்டம். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆனால் நஷ்டத்தைக் "கணக்கில் எடுக்காமல் விட்டுவிட வேண்டும்" என்கிறது விதி. ஒரு வண்டியின் நஷ்டத்தை இன்னொரு வண்டியின் வித்தியாசத்தில் கழிக்க முடியாது. ஒரு காசு சம்பாதிக்காதவர் 9,000 ரூபாய் வரி கட்ட வேண்டும்.

லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நஷ்டத்தில் முகத்தைத் திருப்பிக் கொள்வது ஏன்?

"தனி நபர்களை இந்த வரி தொடவே இல்லை" என்பது இரண்டாவது வாதம்.

காகிதத்தில் இது சரி. சந்தையில் சரியல்ல. வியாபாரி தன் சொத்தை விற்றா வரி கட்டுவார்? ஒன்று, காரைக் கொண்டு வரும் தனி நபரிடம் விலையைக் குறைத்துக் கேட்பார். இல்லையென்றால், வாங்க வருபவரிடம் விலையை ஏற்றிச் சொல்வார். கையெழுத்துப் போடுவது வியாபாரி. சுமப்பது விற்ற ஏழையும் வாங்கிய ஏழையும்தான். மகள் கல்யாணத்துக்காகவும் மருத்துவச் செலவுக்காகவும் அவசரமாகக் காரை விற்பவருக்குப் பேரம் பேசும் பலம் எங்கே இருக்கிறது?

"எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் என்பது எளிமை" என்பது மூன்றாவது வாதம்.

எளிமை நல்லதுதான். 12, 18 என்று இரண்டு இருந்தால் 12 என்று ஒன்றாக்கினாலும் எளிமைதானே? எளிமை என்று சொல்லும்போதெல்லாம் ஏன் மேலே மட்டும் ஏறுகிறார்கள்?

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56வது கவுன்சில் கூட்டம் 12 சதவீதம் என்ற படியையே எடுத்துவிட முடிவு செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 12 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5 சதவீதத்துக்கு இறங்கின. பழைய சிறிய கார் அந்தப் படியில் இருந்திருந்தால், அதையும் 5க்கு இறக்குங்கள் என்று கேட்க நமக்கு ஓர் இடம் இருந்திருக்கும். ஆனால் எட்டே மாதங்களுக்கு முன் அதை 18க்கு ஏற்றி வைத்து விட்டார்கள். படி எடுக்கப்படும் நேரத்தில் ஏழையின் கார் அந்தப் படியில் இல்லை.

அதே நாளில் புதிய கார்களுக்கு என்ன நடந்தது? சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. சிறிய டீசல் காருக்கு 31 சதவீதமாக இருந்ததும் 18 ஆனது. பெரிய சொகுசுக் கார்களுக்கு 50 சதவீதம் வரை இருந்தது 40 ஆனது. புதிய கார் வாங்க வசதி படைத்தவருக்குச் சலுகை. பழைய காரைத் தேடிப் போகிறவருக்கு அதே 18.

புதிய கார் விலை குறைந்ததால் பழைய கார் விலையும் தானாகக் குறையும் என்கின்றனர். குறையட்டும். ஆனால் செப்டம்பர் 22க்கு முன் கூடுதல் விலை கொடுத்து வாங்கி நிறுத்தி வைத்திருந்த சிறு வியாபாரியின் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? அதைத்தான் "கணக்கில் எடுக்காமல் விட்டுவிட" விதி எழுதி வைத்திருக்கிறார்களே!

மின்சாரக் கார் விஷயம் இதைவிட வேடிக்கை. புகையில்லாத வண்டிகளை ஊக்குவிக்கிறோம் என்று புதிய மின்சாரக் காருக்கு 5 சதவீதம் மட்டுமே வரி. அதே கார் இரண்டாவது கைக்கு வியாபாரி வழியாகப் போகும்போது வித்தியாசத்தின் மீது 18 சதவீதம். வித்தியாசத்துக்கு மட்டும்தானே, தொகை குறைவுதானே என்று சமாதானம் சொல்வார்கள். நாம் கேட்பது விகிதத்தைப் பற்றி. புதிதாக வாங்குபவர் ஓட்டினால் சுற்றுச்சூழல் காப்பாற்றப்படும். பழையதாக வாங்குபவர் ஓட்டினால் காப்பாற்றப்படாதா?

பறிமுதல் காரும் இரட்டை நியாயமும்

இப்போது நான்காவது வாசலுக்கு வருவோம்.

ஒரு நிறுவனமும், பதிவு பெறாத ஒரு டிரைவரும் ஒரே நாளில் 6,00,000 ரூபாய்க்கு ஒரே மாதிரி கார் வாங்குகின்றனர் என்று வைத்துக் கொள்வோம். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டு கார்களும் 3,00,000 ரூபாய்க்கு விலை போகின்றன. நிறுவனம் தன் காரைத் தானே விற்கிறது. டிரைவரோ தவணை கட்ட முடியாமல் போனதால் அவருடைய கார் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்படுகிறது. இரண்டையும் வாங்குவது ஒரு சிறு வியாபாரி.

நிறுவனத்தின் காருக்குக் கணக்கு என்ன? வருமான வரியில் கார்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். எஞ்சிய மதிப்பின் மீது எஞ்சிய மதிப்பின் மீது என்று நான்கு ஆண்டுகள் கழித்தால் நிற்பது சுமார் 3,13,200 ரூபாய். விற்ற விலை 3,00,000 ரூபாய். வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே. வரி ஒரு ரூபாய் கூட இல்லை.

டிரைவரின் காருக்கு? பதிவு பெறாதவரிடமிருந்து கடனுக்காகப் பறிமுதல் செய்யப்பட்ட பொருளுக்குத் தனி விதி இருக்கிறது. கடன் வாங்கியவர் கொடுத்த விலையில், ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 5 சதவீதம் வீதம் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தது போக நிற்பதுதான் "வாங்கிய விலை"யாம்! நான்கு ஆண்டுகளில் 16 காலாண்டுகள். 80 சதவீதம் போய்விட்டது. 6,00,000 ரூபாய் காருக்கு இவர்கள் வைக்கும் மதிப்பு 1,20,000 ரூபாய். விற்ற விலை 3,00,000 ரூபாய். வித்தியாசம் 1,80,000 ரூபாய். வரி 32,400 ரூபாய்!

ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டால் 20 காலாண்டுகள். 100 சதவீதமும் கழிந்து மதிப்பு பூஜ்யம். விற்ற விலை முழுவதற்கும் வரி.

ஒரே கார். ஒரே வயது. ஒரே விலை. நிறுவனத்தின் கைக்கு 3,13,200 ரூபாய் மதிப்பு. டிரைவரின் கைக்கு 1,20,000 ரூபாய் மதிப்பு. நிறுவனத்தின் காருக்கு வரி பூஜ்யம். கடனில் நொடிந்தவரின் காருக்கு வரி 32,400 ரூபாய். கார் என்ன, ஆளைப் பார்த்தா தேய்கிறது?

இந்த 32,400 ரூபாய் யாருடைய பணம்? ஏலத்தில் கேட்பவர் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார். விலை அந்த அளவுக்குக் குறையும். விலை குறைந்தால் டிரைவரின் கடன் கணக்கில் வரவு குறையும். மீதிக் கடனுக்காக அவர் வீட்டுக் கதவு மீண்டும் தட்டப்படும். காரும் போய், பிழைப்பும் போன பிறகு, அந்தக் காரின் வரியையும் மறைமுகமாக அவரே சுமக்கிறார்.

நஷ்டத்துக்கு வரி என்று கைபேசியில் கூச்சல் போட்டார்களே, உண்மையான நஷ்டத்துக்கு வரி இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றி யாராவது பேசினார்களா? வசதி படைத்தவன் வீட்டுக் கார் பற்றிய வதந்திக்கு நாடே பேசியது. நொடிந்தவனின் கார் பற்றிய உண்மைக்கு ஒரு வாய் கூடத் திறக்கவில்லை.

மாநிலங்கள் தப்பிக்க முடியாது

இது டெல்லி போட்ட வரி என்று மாநில ஆட்சியாளர்கள் கை கழுவிவிட முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தால்தான் ஒரு முடிவு நிறைவேறும். மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து மறுத்தால் எந்த வரியும் ஏற முடியாது.

மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் 18 சதவீதத்தில் 9 மத்திய கணக்குக்கு, 9 மாநிலக் கணக்குக்கு. பாதியை வாங்கிக் கொள்ளும்போது இனிக்கிறது. பழியில் பாதியை ஏற்கும்போது மட்டும் கசக்கிறதா? வெளியே வந்து அறிக்கை விடுபவர்கள் உள்ளே என்ன பேசினார்கள் என்று மக்கள் கேட்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வரியில்தான் நடக்கின்றன. வரி நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

1. பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்களுக்கு மூன்று மாதத்துக்கு 5 சதவீதம் என்ற கழிவை நீக்கி, நிறுவனங்களுக்கு உள்ளது போன்ற தேய்மான விகிதத்தையே வைக்க வேண்டும்.

2. ஒரு வண்டியின் நஷ்டத்தை இன்னொரு வண்டியின் வித்தியாசத்தில் கழிக்க அனுமதிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கிலாவது இதைச் செய்ய வேண்டும்.

3. பழுது பார்த்த செலவை, ஒரு வரம்புக்கு உட்பட்டாவது, வாங்கிய விலையோடு சேர்க்க அனுமதிக்க வேண்டும்.

4. சிறிய பழைய கார்களுக்கான விகிதத்தைக் குறைக்க வேண்டும்.

5. பழைய வாகன வியாபாரம் நடக்கும் ஒவ்வொரு கடையிலும், "வரி வித்தியாசத்துக்கு மட்டுமே" என்று தமிழில் பலகை வைக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். இதற்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

நம்மவர்கள் கவனத்துக்கு

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்து விடாது. நம்மிடமும் குறை இருக்கிறது. "பில் வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துத் தருகிறேன்" என்றவுடன் மயங்குபவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாளை வண்டியில் வில்லங்கம் என்றால் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்? 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே குற்றம். வங்கி மூலம் கொடுங்கள்.

வியாபாரியிடம் வாங்கும்போது பில்லை உற்றுப் பாருங்கள். வரித் தொகையை 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அவருடைய வித்தியாசம். அது காரின் முழு விலையாக இருந்தால் உடனே காரணம் கேளுங்கள். அந்த வண்டிக்கு கிரெடிட் எடுத்தீர்களா, இல்லையா? இல்லை என்றால் முழு விலைக்கு வரி எதற்கு? இந்த ஒரு கேள்வி போதும்; பல பேருடைய குரல் தாழ்ந்துவிடும்.

பழைய வாகன வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். கடன் பாக்கி தீர்ந்ததற்கான என்.ஓ.சி. இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைக் கணக்கில் காரைச் சேர்த்து, கிடைக்காத இன்புட் கிரெடிட்டை எடுத்து விடாதீர்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அபராதம் தனி. விற்றவர் சொன்னார் என்பது அதிகாரி முன்னால் எடுபடாது.

பழைய கார் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மீது விழும் வரி அநியாயமானது என்றுதான் இவ்வளவு நேரம் உங்களுக்காக வாதாடினோம். ஆனால் 9,000 ரூபாய் வரிக்கு 81,000 ரூபாய் பில் போடுபவருக்காக நாம் ஒருபோதும் வாதாட மாட்டோம். அரசு உங்களுக்குச் செய்வது அநீதி என்றால், நீங்கள் வாங்க வருபவருக்குச் செய்வதும் அநீதிதான்.

நமது சகோதரர் பில்லோடு திரும்பிச் சென்று, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். அதன் நகலை நாமும் வைத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் அடுத்து வணிகவரி அலுவலகத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வார். அவருடன் நாமும் செல்வோம்.

உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட பில்கள் நிச்சயம் இருக்கும். பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். எடுத்துக் கொண்டு வாருங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம்.